டெம்பரரி அக்காவின் பேட்டரி

பொதுமக்களின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. அதில் நான் கோப்புகளுக்கு வரைவு எழுதும் உதவியாளர். குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை மூடியைக் காணோம், தெருவிளக்கு பகலெல்லாம் எரிந்து இருட்டியதும் தூங்கிவிடுகிறது என்று ஜனங்கள் போன் செய்வார்கள். நாங்கள் கேட்டுக்கொள்வோம். கேட்பதோடு எங்கள் கடமை நிறைவுறுகிறது. தீர்ப்பது வேறு துறை. அந்தத் துறை எங்கே இருக்கிறது என்று சிலர் கோபமாகக் கேட்பதுண்டு. அதையும் கேட்டுக்கொள்வோம்.

உண்மையில் கேட்பது டெம்பரரி அக்கா ஒருவர்தான். தற்காலிகத் தொலைபேசியாளர் என்பது அவருடைய பதவி. எங்கள் அலுவலகத்தில் பலபேர் வந்தார்கள், மாறிப் போனார்கள், ஓய்வு பெற்றார்கள். தற்காலிகமாக வந்த அக்கா மட்டும் நகராமல் இருந்தார். ஓர் ஆண்டு இடைவெளியில்லாமல் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று விதி. அதனால் ஆண்டு நிறைவதற்கு முந்தின நாள் அலுவலகமே அவருக்கு ஒருநாள் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பிவிடும். இது அவருடைய உடல்நலத்தில் எங்களுக்குள்ள அக்கறை என்று ஆணையில் குறிப்பிடுவோம். அந்த ஆணையின் வாசகம் என்னுடையது.

நிரந்தரமாகி அக்கா என்ன செய்யப்போகிறார் என்று கேட்டால், அவர் கணவர் துறைமுக ஊரில் கிரேன் ஓட்டுகிறார். அக்காவும் மகளும் இங்கே. நிரந்தரப் பணியாளராக இருந்தால் கணவன் மனைவி ஒரே ஊரில் இருக்க இடமாற்றம் கேட்கலாம். அந்த ஊரில் எங்களுக்கு ஒரு கிளை இருக்கிறது. மகளுக்குப் பல் விழுந்ததை அப்பா பார்த்ததில்லை, லீவில் வந்தபோது முளைத்த பல்லைத்தான் பார்த்தார். அக்கா இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

இந்த முறை இயக்குநருக்கே மனம் இளகிவிட்டது. "இந்த வருஷம் அந்த ஒருநாள் லீவு தரமாட்டேம்மா, தைரியமா இருங்க" என்று அவர் வாயாலேயே சொன்னார். அக்கா அன்றைக்கே இடமாற்ற மனுவை எழுதித் தேதி போடாமல் என்னிடம் கொடுத்து வைத்தார். கதை இத்தோடு சுபமாக முடிந்திருக்க வேண்டும். அதற்குள் இயக்குநரின் காலில் வயர் மாட்டிக்கொண்டது.

வேறு துறையிலிருந்து வந்த விருந்தினர்களுக்கு அவர் அலுவலகத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நடைபாதையில் ஓடிய டெலிபோன் வயரில் கால் சிக்கி, முகம் தரையில் பட நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். விழுந்தார் என்று கோப்பில் எழுத முடியுமா? 'இயக்குநர் அவர்கள் எதிர்பாராத வகையில் தரைத்தள ஆய்வு மேற்கொண்டார்' என்று எழுதினேன். எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே இந்த ஆபீசுல வயரே இருக்கக் கூடாது" என்பதுதான். இரண்டாவது வார்த்தையை நான் எழுதவில்லை.

உடனே கொள்முதல் குழு கூடியது. வயரில்லாத கேட்கும் கருவிக்கான நிபந்தனைகளை வகுத்தோம். மிக நுண்ணிய ஓசையும் கேட்க வேண்டும், நாள் முழுக்க உழைக்க வேண்டும், பார்த்தவர் கண் அகல வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்தி வந்தது கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு ஆடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் வயர்லெஸ் ஹெட்செட் ஒன்றுதான். விற்க வந்தவர் நல்ல மனிதர். இது விளையாடுகிறவர்களுக்கு உள்ளது, ஆபீசுக்குச் சாதாரணமானதே போதும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

கண்காணிப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாங்க இங்க விளையாடுறதில்லைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

ஹெட்செட்டுகள் வந்து இறங்கின. பெட்டிமேல் கையில் துப்பாக்கியோடு ஒருவன் முறைத்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே ஒரு பட்டை, காதுக்கு இரண்டு கிண்ணம், கிண்ணத்தைச் சுற்றி வண்ண விளக்கு. விளக்கின் நிறத்தை விருப்பம்போல் மாற்றலாம் என்றிருந்ததால், எங்கள் விருப்பம் பதவி வரிசைப்படி நிர்ணயிக்கப்பட்டது. இயக்குநருக்குச் சிவப்பு, கண்காணிப்பாளருக்கு நீலம், எங்களுக்குப் பச்சை. தற்காலிகப் பணியாளருக்கு நிறத்துக்கு வகையில்லை என்பதால் அக்காவின் விளக்கை அணைத்துவிட்டார்கள். அக்காவுக்குப் புதுப்பெட்டியும் கிடைக்கவில்லை. மாதிரிக்காக முதலில் வாங்கி, இயக்குநரின் மருமகன் வீட்டில் வைத்து மாதக்கணக்கில் 'பரிசோதித்த' ஹெட்செட்தான் அவருக்கு வந்தது. அந்த மருமகன் கைபட்ட பேட்டரி எத்தனை போர்களைப் பார்த்திருந்ததோ, களைத்துப்போயிருந்தது.

பொதுவாகவே இந்தக் கருவியால் சில இடைஞ்சல்கள் இருந்தன என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். காது வெந்தது. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடிக்காம்பு பொட்டில் அழுந்தித் தலைவலி வந்தது. பக்கத்து மேஜைக்கு வந்த அழைப்பு சில சமயம் என் காதில் விழுந்தது. தேநீர் அறையில் மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டால் எல்லார் காதிலும் கரகரவென்று சத்தம் வரும். மைக்கை அணைக்க மறந்து கண்காணிப்பாளர் இயக்குநரைப் பற்றித் தம் மனைவியிடம் பேசியதை இயக்குநர் உட்பட அலுவலகமே கேட்டது. ஓசை ஒரு நொடியில் சின்னப் பங்கு தாமதமாக வரும் என்று விற்றவர் மன்னிப்புக் கேட்கும் குரலில் எச்சரித்திருந்தார். அந்த வேகம் எங்கள் அலுவலகத்துக்குப் புதிது.

ஒரு நன்மையும் இருந்தது. எதிரியின் காலடிச் சத்தத்தை அவன் வருமுன்னே கேட்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது பொய்யில்லை. மனுவோடு யாராவது மாடிப்படியில் கால் வைத்தால் போதும், எங்களுக்குத் தெரிந்துவிடும். அவர் மேலே வந்து சேர்வதற்குள் நாங்கள் தேநீர் குடிக்கப் போயிருப்போம். அக்கா மட்டும் உட்கார்ந்திருப்பார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவைதான். பொறுக்க முடியாததைச் செய்தவர் தொழில்நுட்ப அலுவலர். அவர் முன்பு கிடங்கில் இருந்தவர். சுவர்க்கடிகாரத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றியதைக் கண்ட இயக்குநர், அவரிடம் ஒளிந்திருந்த திறமையை அடையாளம் கண்டு இந்தப் பதவியில் அமர்த்தினார். அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஒவ்வொரு ஹெட்செட்டுக்கும் ஓர் எண் உண்டு. அது மையக் கம்ப்யூட்டரோடு இணைப்பில் இருக்கிறதா என்று திரையில் தெரியும். அப்படியிருக்க வருகைப்பதிவு எதற்கு, கையெழுத்து எதற்கு? ஹெட்செட் இணைப்பில் இருந்தால் ஆள் பணியில் இருக்கிறார். இணைப்பில் இல்லை என்றால் இல்லை. இயக்குநர் அவரைத் தட்டிக்கொடுத்தார். அன்று மாலையே நான் ஆணைக்கு வரைவு எழுதினேன்.

கழிப்பறை நடைபாதையின் கடைக்கோடியில் இருந்தது. அங்கே போனால் இணைப்பு அறுந்துவிடும். எனவே அது 'பணியிடத்தை விட்டு வெளியேறுதல்' என்று வகைப்படுத்தப்பட்டு, முன் அனுமதி தேவை என்றாயிற்று. அனுமதிக் கடிதம் மூன்று மேஜை கடந்து திரும்பி வருவதற்குள் பலருக்கு அவசியம் தீர்ந்துபோயிருக்கும்.

அக்காவுக்கு நேர்ந்தது வேறு. அவர் ஓயாமல் அழைப்புகளை எடுப்பவர். அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் அவர் காதுக்குள் ஒரு பெண்குரல் 'பேட்டரி தீரப்போகிறது' என்று சொல்லும். உடனே தீர்ந்தும் விடும். அதற்குப் பிறகு திரையின்படி அக்கா இல்லை. மாத முடிவில் கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் கோப்போடு நின்றிருந்தேன்.

"மத்தியானத்துக்கு மேல நீங்க பணியில இருக்கிறதே இல்லையேம்மா."

"சார், நேத்து மத்தியானம்தானே சாக்கடைப் புகார் ஃபைல உங்ககிட்ட கொண்டாந்து குடுத்தேன்? கையெழுத்து போட்டீங்களே."

"போட்டேன். யாரோ குடுத்தாங்க, போட்டேன்."

"நான்தான் சார் குடுத்தேன். இப்பகூட உங்க முன்னாடிதான நிக்கிறேன்."

"நிக்கிறதை நான் மறுக்கலையே. நிக்கிறது வேற, பணியில இருக்கிறது வேற. நான் வீட்லகூட நிக்கிறேன்."

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. விதியை இன்னும் தெளிவாகவே விளக்கினார். தினமும் மத்தியானம் பணி அறுந்துபோவதால், மறுநாள் காலையில் அக்கா புதிதாகச் சேர்கிறார். ஆகவே அவருடைய பணிக்காலம் எந்நேரமும் அரை நாளுக்கு மேல் போகாது. அந்த அலுவலகத்திலேயே பழைய ஆளான அவர் ஒரே மாதத்தில் மிக இளையவர் ஆனார். இடமாற்ற மனு என் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது.

வேறு பேட்டரி கேட்டுத் தொழில்நுட்ப அலுவலரிடம் போனார். அவருக்கு மனமிருந்தது. ஆனால் பழுதான பேட்டரியை மாற்றிக்கொள்ளும் உரிமை நிரந்தரப் பணியாளருக்கு மட்டும்தான். நிரந்தரமாக வேண்டும் என்றால் பணி அறாமல் இருக்கவேண்டும், பணி அறாமல் இருக்கப் பேட்டரி வேண்டும் என்று அக்கா எடுத்துச் சொன்னார். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வருவதைக் கேட்டு அவர் மிகவும் மகிழ்ந்துபோனார்.

"அப்ப சார்ஜ் வயர செருகிக்கிட்டே பேசவா சார்?" என்றார் அக்கா.

அவர் பதறிவிட்டார். வயர்லெஸ் கருவியில் வயரைச் செருகுவது கொள்கைக்கே விரோதம், இயக்குநர் பார்த்தால் வேலை போய்விடும் என்றார். அக்காவின் வேலையைச் சொன்னாரா, தம் வேலையைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

விதி எல்லாருக்கும் பொது என்பதை இயக்குநரே நிரூபித்தார். ஒருநாள் கூட்டத்தில் 'இடைவிடாத சேவை' என்ற தலைப்பில் அவர் முழங்கிக்கொண்டிருந்தபோது தலையிலிருந்த சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது. அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டார். இனி பேசினால் அது அலுவல் சார்ந்த பேச்சாகாது. கண்காணிப்பாளர் எழுந்து, இயக்குநர் பணியில் இல்லாத காரணத்தால் தாமே பொறுப்பேற்பதாக அறிவித்து, இயக்குநரின் நாற்காலி காலியாக இல்லாததால் பக்கத்தில் நின்றுகொண்டே கூட்டத்தை நடத்தினார். நடுவில் இயக்குநர் தேநீர் கேட்டார். கடைநிலை ஊழியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அழைத்தது யார் என்று தெரியாதவர்போல் நின்றார். இயக்குநர் கோபப்படவில்லை. அந்த ஒழுங்கைக் கண்டு அவர் கண் கலங்கியது என்று பிறகு குறிப்பில் எழுதினேன்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் மின்னேற்று அறை வந்தது. கிடங்கை ஒழித்து, சுவரெல்லாம் மாட்டிகள் அடித்து, வீட்டுக்குப் போகும்போது ஹெட்செட்டை அதில் மாட்டிச் சார்ஜ் போட்டுவிட்டுப் போக ஏற்பாடு. மறுநாள் திரையைப் பார்த்த தொழில்நுட்ப அலுவலர் வாயைப் பிளந்தார். இரவு முழுக்க நாங்கள் அத்தனை பேரும் பணியில் இருந்திருக்கிறோம். சார்ஜில் கிடந்த ஹெட்செட்டும் இணைப்பில்தானே இருக்கிறது! தவறைத் திருத்தலாமா என்று அவர் கேட்டார். எது தவறு என்று இயக்குநர் திருப்பிக் கேட்டார். தலைமையகத்துக்குப் போன அறிக்கையில், விடுமுறை நாள்களிலும் உறங்காமல் உழைக்கும் ஒரே அலுவலகம் என்று எங்களைப் பற்றி எழுதினேன். பாராட்டுக் கடிதம் வந்தது.

அதன் பிறகு சொல்லவேண்டியதில்லை. பகலில் மட்டும் ஹெட்செட்டை ஏன் கழற்றி எடுக்கவேண்டும் என்று முதலில் கண்காணிப்பாளருக்குத் தோன்றியது. அவருடையது மாட்டியிலேயே தொங்கியது. அவர் வங்கிக்குப் போனார், சம்பந்தி வீட்டுக்குப் போனார், பல் பிடுங்கப் போனார். திரையில் அசையாமல் பணியில் இருந்தார். பிறகு ஒவ்வொருவராக நாங்களும் அப்படியே. மின்னேற்று அறையைத் திறந்தால் சுவர் முழுக்கச் சிவப்பும் நீலமும் பச்சையுமாக எங்கள் அலுவலகம் கடமையாற்றிக்கொண்டிருக்கும். அறைக்கு வெளியே நாற்காலிகள் காலியாக இருக்கும்.

அக்காவுடையது மட்டும் அங்கே பகலில் தொங்காது. அதை மாட்டிக்கொண்டால்தானே அழைப்பை எடுக்க முடியும்? ஜனங்களோ நிறுத்தாமல் அழைத்தார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. பழைய வயர் போனின் இணைப்பைத் துண்டிக்கும் கோப்பு என் மேஜையில்தான் ஊறிக்கொண்டிருந்தது, அதனால் அலமாரிக்குள் தூசி மூடிக் கிடந்த அந்தப் போன் இன்னும் உயிரோடு இருந்தது. ஹெட்செட்டைச் சார்ஜில் மாட்டிவிட்டு, அந்தப் போனில் வேலையைப் பாருங்கள் என்று அக்காவிடம் சொன்னேன்.

"அது பொய் இல்லையா தம்பி?"

"வேலைக்கே வராதவங்க அப்படி மாட்டியிருக்காங்கக்கா. நீங்க வேலைக்கு வர்றீங்க. உங்களது எப்படிப் பொய்யாகும்?"

அக்கா ஹெட்செட்டைக் கொண்டுபோய் மாட்டினார். அன்றிலிருந்து அவர் பணிக்காலம் அறுபடவே இல்லை. காலையில் அலமாரியைத் திறந்து, கதவு மறைவில் போனை வைத்து, குனிந்து உட்கார்ந்து, "சொல்லுங்க, என்ன குறை?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். மாலையில் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டும் கேட்பார். எங்களில் யாராவது எப்போதாவது அலுவலகத்துக்கு வந்தால், "வாங்க, வாங்க" என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியைப்போல் வரவேற்பார். ஆண்டு நிறைந்தது. இயக்குநர் சொன்ன சொல் தவறாமல் அந்த ஒருநாள் ஓய்வைக் கொடுக்கவில்லை. நான் நிரந்தர ஆணைக்குப் பரிந்துரை எழுதி, இடமாற்ற மனுவுக்குத் தேதி போட்டு, இரண்டையும் சேர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். அக்கா வீட்டுச் சாமான்களைப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். துறைமுக ஊரில் அவர் கணவர் பெரிய வீடாகப் பார்த்து, மகளுக்குப் பள்ளியிலும் சொல்லி வைத்திருந்தார்.

நேரில் பார்த்து உறுதிசெய்யத் தலைமையகத்திலிருந்து சரிபார்ப்பு அலுவலர் ஒருவர் வந்தார். அவர் வருவது முன்பே தெரிந்ததால் நாங்கள் எல்லாரும் அன்றைக்கு வந்திருந்தோம். அவர் அலமாரிக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இவங்க யார்?"

இவர்தான் அந்தப் பணியாளர் என்றார் கண்காணிப்பாளர். சரிபார்ப்பு அலுவலர் அக்காவின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஹெட்செட் இல்லை. கையில் வயர் போன்.

"இவங்க பணியில இல்லையே. திரையில பணியில இருக்கிறதாக் காட்டுதே, அவங்க எங்க?"

மின்னேற்று அறைக்கு அழைத்துப் போனோம். அவர் எண்ணைச் சரிபார்த்தார். இணைப்பில் இருந்தது. ஓர் ஆண்டாக ஒரு நொடிகூட விலகவில்லை என்று திரை காட்டியது. அவர் மெல்லத் தலையாட்டி, இப்படியொரு பணியாளரைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். அக்கா பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், அந்த நம்பர் அதோடது. வேலை செஞ்ச ஆள் நான்."

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார். "ஹெட்செட் பணியில இருந்தா ஆள் பணியில இருக்கிறதா அர்த்தம்னு இங்க ஆணை இருக்கு. அது சரியா, தப்பா? யாராவது தப்புன்னு சொன்னா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவ்வளவுதான். ஹெட்செட் வேறு, ஆள் வேறு என்று சொன்னால் அக்காவுக்கு நியாயம் கிடைக்கும். ஆனால் அதே நொடியில் இயக்குநர் முதல் கடைநிலை ஊழியர் வரை ஓர் ஆண்டாக யாருமே வேலைக்கு வரவில்லை என்றாகிவிடும். சுவரில் எங்கள் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முகத்தில் அவர் பார்வை நின்றது.

"சரிதான் சார்" என்றார் கண்காணிப்பாளர். சரிதான் என்றோம் எல்லாரும்.

ஆணை வந்தது. மேற்படி எண்ணுள்ள பணியாளர் நிரந்தரம் செய்யப்படுகிறார், அவரது குடும்பச் சூழலைக் கனிவுடன் பரிசீலித்துத் துறைமுகக் கிளைக்கு உடனடியாக இடமாற்றம் செய்யப்படுகிறார் என்று கண்டிருந்தது. அக்கா இயக்குநர் அறைக்குப் போனார்.

"நானும் போக வேண்டாமா சார்?"

இயக்குநருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். "எப்படிம்மா? நீங்க தற்காலிகம். தற்காலிகத்துக்கு இடமாற்றம் கிடையாதே. ஆனா உங்கள வெளிய அனுப்பிடுவோம்னு பயப்படாதீங்க. அங்க மாறிப் போனதால இங்க ஒரு இடம் காலியாகுது. அதுல உங்களையே போட்டுக்கலாம், தற்காலிகமா."

பிரிவுபசாரம் நடத்தினோம். தேநீரும் பிஸ்கட்டும் அக்காதான் எடுத்து வந்து கொடுத்தார். மேஜைமேல் ஹெட்செட்டை நடுவில் வைத்து, நிரந்தரமாகிவிட்டதால் பச்சை விளக்கும் போட்டிருந்தார் தொழில்நுட்ப அலுவலர். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, எந்த நேரமும் இணைப்பிலேயே இருந்தவர், இவர் இல்லாத அலுவலகத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்று இயக்குநர் பேசினார். கண்காணிப்பாளர் பேசும்போது குரல் தழுதழுத்தது. நானும் கைதட்டினேன். உடைந்துவிடாமல் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்து ஒட்டியதும் அக்காதான். வேறு யாருக்கும் பொறுப்பாகக் கட்டத் தெரியாது.

சில நாள் கழித்து நான் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். அலமாரிப் போன் அடித்தது. அக்கா எடுத்து, "சொல்லுங்க, என்ன குறை?" என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தி, "ஏங்க, இது ஆபீஸ் போனுங்க" என்றார். பழைய போன் ஆதலால் மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தெரியும். ஆபீசுக்குத்தான் பேசுறேன். ஆர்டர் வந்துருச்சுன்னு கேள்விப்பட்டு இங்க கிளைக்குப் போனேன். வீட்டுச் சாவியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். உள்ள கூட்டிட்டுப் போயி ஒரு மேஜையக் காட்டினாங்க."

"என்ன சொன்னாங்க?"

"உங்க வீட்டம்மா ரொம்ப நல்லா வேலை செய்றாங்க, வந்ததுலேருந்து ஒரு தடவகூட எந்திரிக்கலன்னாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டேன். ஆபீஸ் டைம் முடிஞ்சதும் தாராளமாக் கூட்டிட்டுப் போங்கன்னாங்க. எப்ப முடியும்னு கேட்டா, அவங்களுக்கு முடியறதே இல்லையாம்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"குறையைச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"எழுதிக்க. என் பொண்டாட்டி இன்னும் வந்து சேரல."

அக்கா அதை ஒரு சொல் மாறாமல் எழுதி என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். நான் முறைப்படி துறைமுகக் கிளையைத் தொடர்புகொண்டு விசாரித்தேன். உடனே பதில் கிடைத்தது. அதை ஆதாரமாகக் கொண்டு, மனுதாரரின் மனைவி உரிய நாளில் பணியில் சேர்ந்து தொடர்ந்து இணைப்பில் இருப்பதாகக் கிளை அலுவலகம் உறுதிசெய்கிறது, எனவே குறை தீர்க்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது என்று வரைவு எழுதினேன். கண்காணிப்பாளர் கையெழுத்திட்டார். எங்கள் அலுவலகம் தீர்த்துவைத்த முதல் குறை அது.

முடிவை மனுதாரருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டவேண்டும் என்பது விதி. அது தற்காலிகத் தொலைபேசியாளரின் வேலை. அக்கா எண்ணைச் சுழற்றினார்.